நெரிஞ்சிப்பேட்டை துறையில லாங் எக்ஸ்போஷர்: தண்ணி வழுவழுன்னு வருது, படகு கலங்கிப்போகுது

காவிரித்துறை கேட்டது:

வணக்கமுங்க. நெரிஞ்சிப்பேட்டை படகுத்துறையில கட்டிக் கெடக்கற விசைப்படகுகளை வெடியால லாங் எக்ஸ்போஷர்ல, அதாவது ஷட்டரை ரொம்ப நேரம் தொறந்து வெச்சு எடுக்கறேன். எதிர்க்கரை பூலாம்பட்டிப் பக்கம் பொழுது கெளம்பற நேரம். ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர், பழைய 18-55 கிட் லென்ஸ், 10 ஸ்டாப் திருகு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்). ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 60 செகண்ட்.

தண்ணி நெனைச்ச மாதிரி வருது. படகோட மூக்கு மட்டும் ரெண்டு மூணா விழுது. படிக்கட்டு அசையாத பொருள்தான், அதுவும் மழுங்கலா இருக்கு. படம் பூராவும் ஒரு செந்நீலச் சாயம், நடுவுல வெளிறின பட்டை வேற. எதை மொதல்ல சரி பண்றது?

---

மதகுக்கரை பதில்:

மொதல்ல படகைப் பார்ப்போம். 60 செகண்டுங்கறது தண்ணிக்காக வெச்ச நேரம். நேரத்தைப் படகைப் பார்த்துத்தானுங்க வெக்கோணும்.

ஒத்தக் கயித்துல கட்டின படகு சும்மா கெடக்கற மாதிரி தெரியும், ஆனா நிக்காது. கயிறு இறுகும், தளரும், பின்பக்கம் மெதுவா ஒதுங்கிப் போய்த் திரும்பி வரும். ஃபில்டர் மாட்டறதுக்கு முன்னாடி லைவ் வியூவுல படகு மூக்கை 10 மடங்கு பெருசாக்கி, பின்னால இருக்கற ஒரு கம்பத்தோட விளிம்புக்கு நேரா வெச்சுச் சித்த நேரம் பாருங்க. ஒரு கோடிக்குப் போனதும் மூக்கு ஒரு கணம் நின்னுதான் திரும்பும். அந்தத் திருப்பத்துல அரை செகண்டுல இருந்து 1 செகண்ட் வரைக்கும் படகு அசையாதுன்னே வெச்சுக்கலாம். பட்டனை அமுக்க வேண்டிய நேரம் அதுதான். 2 செகண்ட் டைமர் வெச்சா அந்தக் கணத்தைப் பிடிக்க முடியாது, அதனால கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாம அமுக்கற ஒயர் பட்டன்) ஒண்ணு வாங்கிக்கோங்க.

இப்பக் கணக்கு. எஃப் 16, 10 ஸ்டாப், 60 செகண்ட்னா ஃபில்டர் இல்லாம ஏறக்குறைய 1/15. எஃப் 8க்கு வந்தா லென்ஸ் துவாரம் பெருசாகி 1/60. அதுல 6 ஸ்டாப் மாட்டினா 1 செகண்ட், எஃப் 11 வெச்சா 2 செகண்ட். அந்த இடத்துக்கு அதுவே தாராளம். ஆத்துக்குக் குறுக்க இருக்கற கதவணைக்கு மேல்பக்கம் தேங்கி நிக்கற தண்ணியில சிற்றலை பொடிசு, 2 செகண்ட்லயே பாதிக்கு மேல கரைஞ்சிரும். தூத்துக்குடி, கொச்சி மாதிரி கடல் துறைமுகத்துல சங்கதி வேற. வெளியில இருந்து வர்ற அலைக்கும் அலைக்கும் நடுவுல பல செகண்ட் இடைவெளி இருக்கும், அங்கதான் 30 செகண்டும் அதுக்கு மேலயும் தேவைப்படும். துறைமுகப் படங்களுக்குப் போடற செட்டிங்கை அப்படியே காவிரிக்குக் கொண்டாந்தா இப்படித்தான் ஆகும்.

படகுக்காரர்கிட்டக் கேட்டு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னா ஆட்டம் பெரும்பாலும் அடங்கிரும். நீங்களா கயித்தைத் தொடாதீங்க. படகு போக்குவரத்து தொடங்கறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கறதுதான் நல்லது. ஒரு படகு கடந்து போனா அந்த அலை கரையில மோதித் திரும்பி வந்து அடங்கச் சில நிமிசம் ஆகும்.

---

நொய்யல்வாசி பதில்:

மத்த மூணுக்கும் காரணம் தனித்தனி.

படிக்கட்டு மழுங்கறதுக்கு எஃப் 16 ஒரு காரணம். ஏபிஎஸ்-சி சென்சார்ல அவ்வளவு சின்னத் துவாரத்துல ஒளி விளிம்புல சிதறிக் கூர்மையைத் தின்னுரும். எஃப் 8லயே நில்லுங்க. ஆனா பெரிய காரணம் ஃபோகஸ்தான்னு நெனைக்கறேன். பழைய 18-55ல ஃபோகஸ் பண்ணும்போது முன்கண்ணாடியே சுத்தும். ஃபில்டரைத் திருகற வேகத்துல ஃபோகஸும் சேர்ந்து நகர்ந்திரும். ஃபில்டர் இல்லாம ஃபோகஸ் பிடிச்சு, லென்ஸை எம்எஃப்ல (கையால ஃபோகஸ் பண்ற முறை) போட்டு, ஃபோகஸ் வளையத்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையால லேசாத் திருகுங்க. முடிஞ்சா காந்த ஃபில்டருக்கு மாறிக்கோங்க, வெச்சு எடுக்கறப்ப லென்ஸ் அசையாது. டிரைபாட்ல இருக்கறப்ப லென்ஸ்ல இருக்கற ஸ்டெபிலைசரை அணைச்சிருங்க.

டிரைபாட் காலையும் பாருங்க. துறை ஓரத்து வண்டல்ல ஒரு நிமிசத்துல கால் ஒரு நூல் எறங்கினாலும் படம் போச்சு. மூணு காலுக்கும் அடியில கடப்பாக்கல் துண்டு வெச்சு, மேல இருந்து அழுத்தி எறக்கிப்போட்டு அப்புறம் கேமராவை மாட்டுங்க. நடுத்தண்டைத் தூக்காதீங்க. கழுத்துப் பட்டையைக் கழட்டிருங்க, காத்துல அது படபடன்னு அடிச்சே கேமராவை ஆட்டும்.

வெளிறின பட்டை வியூஃபைண்டர் வழியா உள்ள வர்ற வெளிச்சம். 10 ஸ்டாப் ஃபில்டர் முன்னால வர்ற ஒளியை ஆயிரத்துல ஒரு பங்காக் குறைச்சிருது, அதனால பின்னால இருந்து கசியற துளி வெளிச்சமும் பெருசாத் தெரியுது. கருப்புத் துணியைப் போட்டு மூடினாப் போதும்.

செந்நீலச் சாயம் வெலை கொறைஞ்ச 10 ஸ்டாப் ஃபில்டர்ல சகஜம். கண்ணுக்குத் தெரியற ஒளியைத் தடுக்கற அளவுக்கு அகச்சிவப்பை அது தடுக்கறதில்லை. ஜேபெக் வேண்டாம், RAW ஃபைலா எடுங்க. ஃபில்டரை மாட்டின பிறகு ஒரு வெள்ளைத் தாளை வெச்சுக் கஸ்டம் வொய்ட் பேலன்ஸ் பண்ணுங்க. சாயம் படம் முழுக்கச் சமமா இருந்தா இதுலயே போயிரும். நடுவுல ஒரு நெறம், ஓரத்துல ஒரு நெறம்னா அந்த ஃபில்டருக்கு மேல செலவழிக்க வேண்டாம், 6 ஸ்டாப் நல்லதா ஒண்ணு வாங்குங்க.

---

பாலமலையான் பதில்:

15 செகண்ட் தண்ணியும் வேணும், கூர்மையான படகும் வேணும்னா ரெண்டு படமா எடுத்துச் சேர்க்கறதுதான் வழி. 10 ஸ்டாப் ஃபில்டரோட எஃப் 8ல ஒண்ணு. கேமராவை அசைக்காம ஃபில்டரைக் கழட்டி, அதே எஃப் 8ல 1/60ல இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நேரம் போகக் கூடாது, பொழுது கெளம்பற நேரத்துல வெளிச்சம் சீக்கிரம் மாறிரும். கிம்ப்ங்கற படத் திருத்த மென்பொருள்ல ரெண்டு லேயராப் போட்டு, மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கற வசதி) வெச்சுப் படகை மட்டும் எடுத்துக்கோங்க. மாஸ்க் விளிம்பு படகு தண்ணியைத் தொடற கோட்டுல முடியோணும். தண்ணியில தெரியற படகோட பிம்ப நெழலை நீண்ட படத்துல இருந்துதான் எடுக்கோணும். 1/60 படத்து நெழல்ல சிற்றலை நெளிஞ்சு கெடக்கும், சுத்தியும் வழுவழுன்னு இருக்கற தண்ணியோட அது ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை: படகு அதிகமா ஆடியிருந்தா நீண்ட படத்துல அதோட பேய் உருவம் நெசப் படகை விட அகலமா விழும். கூர்மையான படகை மேல வெச்சாலும் ரெண்டு பக்கமும் பொகை மாதிரி எட்டிப் பார்க்கும். அதனால சேர்க்கறதா இருந்தாலும் ரெண்டு கயித்துக் கட்டு கட்டாயம் வேணும்.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்துல விழற புள்ளிகளைக் குறைக்கற வசதி) போட்டிருந்தா 30 செகண்ட் படத்துக்கு இன்னொரு 30 செகண்ட் கேமரா தானா வேலை செய்யும். அதைக் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு அணைக்க வேண்டாம். ரெண்டு படம் சேர்க்கற நாள்ல மட்டும் அதை நிறுத்தி வெச்சுக்கோங்க.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப இந்த வேலையே வேண்டாம். மார்கழி, தை வெடியால காத்து ஓய்ஞ்சு கெடக்கும். அப்ப லென்ஸ்ல பனி படியும். அப்பப்பப் பார்த்துத் துடைச்சுக்கோங்க. மேட்டூர்ல இருந்து தண்ணி தொறக்கற நாள்ல கீழ்ப்படியில டிரைபாட் வெக்காதீங்க.

---

காவிரித்துறை:

ரொம்ப நன்றிங்க, 6 ஸ்டாப்புக்கு மாறிக்கறேன். இதே முறை பவானிசாகர் பக்கம் மீன் பிடிக்கற பரிசலுக்கும் ஆகுமுங்களா?

---

மதகுக்கரை:

தண்ணியில மெதக்கற பரிசலுக்கு ஆகாதுங்க. வட்டமா இருக்கு, படகுக்கு இருக்கற மாதிரி அடியில நெடுக்குக் கட்டை (கீல்) கெடையாது. ஒரு கயித்துல கட்டினா இருந்த எடத்துலயே சுத்தும், ரெண்டு கயிறு போட்டாலும் குலுங்கும். கரையில பாதி இழுத்து விட்டதையோ, காயறதுக்குக் கவுத்து வெச்சதையோ முன்னால வெச்சு, பின்னால தண்ணியை 30 செகண்ட் விடுங்க. தார் பூசின பரிசல் கன்னங்கரேல்னு இருக்கும். மீட்டர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டா மூங்கில் பின்னல் ஒண்ணும் தெரியாது. 1 ஸ்டாப் கூட்டி எடுத்து ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) வானம் வெளுக்குதான்னு பாருங்க. வெளுத்தா வானத்துக்கு மட்டும் தனியா ஒரு படம் எடுத்துக்கோங்க. அணை மேலயும் மதகுப் பக்கமும் கேமராவை விரிக்கறதுக்கு முன்னாடி அங்க பணியில இருக்கறவங்ககிட்டக் கேட்டுக்கோங்க.