ஏற்காடு ஏற்றம்: ஏழாவது வளைவுக்கு மேல் சைக்கிள் நகரவில்லை, உதவி வேண்டும்

அடிவாரத்தான் எழுதியது:
அவசரம் நண்பர்களே. வரும் ஞாயிறு அலுவலகத்து ஆட்களோடு சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறுவதாக ஒப்புக்கொண்டு விட்டேன். பழகிப் பார்க்கப் போனால் ஒவ்வொரு தடவையும் ஏழாவது கொண்டை ஊசி வளைவு பக்கம் வந்ததும் கால் கட்டிவிடுகிறது. மூச்சு வாங்குவதைக் கூடச் சமாளித்து விடலாம், பெடல் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது, முட்டிக்கு முன்பக்கம் வலி வேறு. சமதரையில் அசராமல் ஓட்டுகிறவன் நான். எல்லா கியரும் போட்டுப் பார்த்தாயிற்று. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈரோடு மணி:
என்ன சைக்கிள் என்று சொல்லவே இல்லையே. ரோடு பைக்கா, ஹைப்ரிடா, எம்டிபியா (மலை சைக்கிள்)? முன்னால் எத்தனை பல்சக்கரம், பின்னால் எத்தனை? உங்கள் எடை, டயர் அளவு? இதெல்லாம் தெரியாமல் யார் எது சொன்னாலும் குத்துமதிப்புதான்.

கம்பங்கூழ்:
காலையில் என்ன சாப்பிட்டுக் கிளம்பினீர்கள்? வெறும் டீ, பிஸ்கட் என்றால் இப்படித்தான் ஆகும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நாலு இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. ஏற்றத்தில் உடம்பில் இருக்கும் சர்க்கரை வேகமாகத் தீரும். நான் பார்த்தவரை பாதிப் பேர் பசியில்தான் இறங்கித் தள்ளுகிறார்கள்.

சேர்வராயன்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ இழைகள் இருக்கின்றன, தேடிப் பார்த்துவிட்டு எழுதலாம். ஏற்காடு ஒரு கடினமான ஏற்றமே இல்லை, முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். அடிவாரத்தில் இருந்து ஊர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சராசரி சரிவு 5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். 20 வளைவு என்று போர்டில் பார்த்து ஆட்கள் பயந்து போகிறார்கள். கொல்லிமலையில் 70 வளைவு, மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 வளைவு, அங்கெல்லாம் ஏறிவிட்டு வந்து ஏற்றம் என்று பேசலாம். உங்கள் பிரச்சினை பயிற்சி. மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் ஏறுங்கள், வேறு குறுக்கு வழி கிடையாது.

அடிவாரத்தான்:
கியர் சைக்கிள்தான். 21 கியர். ஞாயிறு போக வேண்டும், மூன்று மாதம் இல்லை. இட்லி சாப்பிட்டுத்தான் போனேன்.

திண்டுக்கல் தேவா:
முட்டிக்கு முன்பக்கம் வலி என்றாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? சீட் தாழ்வு. நூற்றுக்கு தொண்ணூறு பேர் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்திருக்கிறார்கள், சமதரையில் அது தெரியாது, ஏற்றத்தில் முட்டி மடங்கியபடியே முழு பாரத்தையும் வாங்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம்.

ஈரோடு மணி:
21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7. பல் எண்ணிக்கை வேண்டும் தலைவரே, எண்ணிச் சொல்லுங்கள். உங்கள் எடையும்.

பழைய ஹெர்குலஸ்:
தம்பிகளா, இத்தனை கணக்கு எதற்கு? எங்கள் காலத்தில் கியரே இல்லாத 22 இஞ்ச் சைக்கிளில், பின்னால் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். உட்கார்ந்தபடி ஏறினால் ஏறாது. சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து உடம்பு எடையைப் பெடலில் இறக்க வேண்டும். கால் பலம் இருந்தால் போதும்.

சேர்வராயன்:
எழுந்து நின்று மிதிப்பது நூறு மீட்டருக்குச் சரி. 20 கிலோமீட்டருக்கு அல்ல. நின்றால் உங்கள் உடம்பைத் தாங்கவும் கால் வேலை செய்கிறது, இதயத் துடிப்பு ஏறும். இதை எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை.

பழைய ஹெர்குலஸ்:
சாலையில் ஏறியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் ஐயா.

கூடலூர் நிஷா:
பெரியவர் சொல்வதும் உண்மைதான், ஆனால் அந்தப் பால்காரர்கள் பெரிய மேட்டில் இறங்கித் தள்ளியதையும் சொல்ல வேண்டும். தள்ளுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. டூர் தி பிரான்ஸ் பந்தயம் 1910இல் முதன்முதலாக டூர்மலே மலையைத் தாண்டியபோது அந்த ஆண்டு ஜெயித்த ஆக்டேவ் லாபீஸே சில இடங்களில் இறங்கி நடந்துதான் ஏறினார். இறங்காமல் மிதித்தே ஏறியது குஸ்தாவ் கரிகு, அதற்கென்று அவருக்குத் தனிப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பந்தயத்தில் செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் கியரை அனுமதித்ததே 1937இல்தான். கியர் வந்த பிறகு யாரும் பழையதற்குத் திரும்பவில்லை.

பழைய ஹெர்குலஸ்:
பிரான்ஸ் கதை எனக்கு எதற்கம்மா. நம் ஊர் ஆளுக்கு நம் ஊர் வழி.

கம்பங்கூழ்:
கேட்டவரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டோம். அடிவாரத்தான், தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போகிறீர்கள்?

அடிவாரத்தான்:
எண்ணினேன். முன்னால் 42, 34, 24. பின்னால் பெரியது 28. டயரில் 26 x 2.1 என்று போட்டிருக்கிறது. எடை 82. ஏற்றத்தில் முன் ஷிஃப்டரை (கியர் மாற்றும் பிடியை) 1இல் வைத்துத்தான் மிதிக்கிறேன். தண்ணீர் ஒரு பாட்டில்.

மீனாட்சி மெக்கானிக்:
இந்தப் பல் எண்ணிக்கையில் ஏற்காடு கட்டாயம் ஏறும், அதனால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. முன்னால் 24, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்த்து நூறு கிலோ என்று வைத்தால், 5 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 120 வாட் போதும், சமதரையில் நன்றாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய பாரம் இல்லை. அதே இடத்தில் முன்னால் 34இல் செயின் கிடந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர். அதே 70 சுற்றுக்கு 170 வாட்டுக்கு மேல் வேண்டும். அது முடியாதபோது சுற்று 50க்கு இறங்கும், ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் பாரம் ஏறும். நீங்கள் சொல்லும் "பெடல் இறங்க மாட்டேன் என்கிறது" என்பது அச்சு அசல் இதுதான்.

ஒன்று கேட்கிறேன். ஷிஃப்டரில் 1 என்று இருப்பது வேறு, செயின் சின்ன பல்சக்கரத்தில் கிடப்பது வேறு. குனிந்து கண்ணால் பார்த்தீர்களா?

சேர்வராயன்:
21 கியர் வைத்திருப்பவருக்கு அது கூடவா தெரியாமல் இருக்கும்.

மீனாட்சி மெக்கானிக்:
தெரியாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது சார். முன் கியரைச் சமதரையில் யாரும் சின்னதுக்கு மாற்றுவதில்லை. பட்டறைக்கு வரும் 3x7 வண்டிகளில் முன் டீரெய்லர் உள்பக்கம் வராமல் பாதியில் நிற்பது சர்வ சாதாரணம். வண்டியைப் பெட்டியில் இருந்து எடுத்து மாட்டியவர்கள் அதைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

அடிவாரத்தான், இப்படிச் செய்யுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பின்னால் பெரிய பல்லில் செயினைப் போட்டு, முன் ஷிஃப்டரை 1க்குக் கொண்டுவந்து பெடலைக் கையால் சுற்றுங்கள். செயின் 24க்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் முன் டீரெய்லருக்குப் போகும் கேபிளை விரலால் அமுக்கிப் பாருங்கள். 1இல் இருக்கும்போதும் அது கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் கேபிள்தான் இழுத்துப் பிடிக்கிறது, கவ்வியிருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் விட வேண்டும். தொளதொளவென்று இருந்தும் டீரெய்லர் உள்ளே வரவில்லை என்றால் எல் என்று எழுதியிருக்கும் சின்ன ஸ்க்ரூ. கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரேயடியாகத் தளர்த்தினால் செயின் சின்னதையும் தாண்டி உள்ளே விழுந்து ஃபிரேமைக் கீறும். இரண்டும் சரியாக இருந்தால் டீரெய்லரின் இணைப்பில் மண்ணும் துருவும் பிடித்திருக்கும், துடைத்து எண்ணெய் விடுங்கள்.

டயரில் காற்று எவ்வளவு என்பதையும் பாருங்கள். 2.1 டயர் பொதபொதவென்று இருந்தால் தார் ரோட்டில் சும்மாவே இழுக்கும். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் போட்டிருப்பார்கள், அதற்குச் சற்றுக் கீழே வரை அடிக்கலாம்.

திண்டுக்கல் தேவா:
நல்ல யோசனைதான். ஆனால் சீட்டையும் பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கூடலூர் நிஷா:
வளைவுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம்தான் செங்குத்து, வெளிப்பக்கம் சுற்று அதிகம், சரிவு குறைவு. நாம் இடது பக்கம் ஏறுவதால் இடது திரும்பும் வளைவில் செங்குத்தான பக்கம் நமக்கு வரும், வலது திரும்பும் வளைவில் எளிதான பக்கம் கிடைக்கும். அதனால் இடது வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் முழு பாரத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் முன் கியர் மாறாது, சில நேரம் செயினே கழன்றுவிடும். மாற்றும்போது இரண்டு சுற்று லேசாக மிதிக்க வேண்டும். வலது வளைவில் மூச்சை மீட்டுக்கொள்ளலாம்.

சேர்வராயன்:
உள்பக்கம் செங்குத்து என்பது சரி. ஆனால் வெளிப்பக்கத்துக்காக யாரும் நடு ரோட்டுக்குப் போகாதீர்கள், மேலிருந்து பஸ் அகலமாகத் திரும்பும். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, சைக்கிளுக்கு அதை யாரும் மதிப்பதில்லை.

பழைய ஹெர்குலஸ்:
அதிகாலையில் கிளம்பினால் பஸ், கார் தொல்லை பாதி குறையும். வெயிலும் இருக்காது. இதையாவது கேளுங்கள்.

ஈரோடு மணி:
என்ன ஆயிற்று அடிவாரத்தான்? செயின் எங்கே கிடந்தது?

கம்பங்கூழ்:
ஞாயிறு போய்விட்டது. ஆளைக் காணோம். மணி, உங்களுக்குத் தெரிந்தவரா?

ஈரோடு மணி:
இல்லை.

வேலூர் வண்டி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஏலகிரியின் 14 வளைவில் எனக்கும் இதே கதைதான், ஆனால் இறங்கும்போதுதான் பயம். சக்கர விளிம்பைக் கட்டை கவ்வுகிற ரிம் பிரேக். கீழே வரும்போது ரிம் தொட முடியாத சூடு. அது சரிதானா?

மீனாட்சி மெக்கானிக்:
வழி முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடாகத்தான் செய்யும், அதிகமானால் டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர் சாலையில் விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவே ஒரு இடத்தில் நின்று ஆற விடுங்கள். கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் போவதற்கு முன் பாருங்கள்.

அடிவாரத்தான்:
வேலை அதிகம், இப்போதுதான் வர முடிந்தது. செயின் 34இல்தான் நின்றிருந்தது. கேபிள் தொளதொளவென்று இருந்தது, எல் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் டக்கென்று கீழே இறங்கியது. சீட்டையும் இரண்டு விரல் அளவு தூக்கினேன். ஞாயிறு மேலே போய்விட்டோம், வழியில் 60 அடிப் பாலத்தில் ஒருமுறை நின்றேன், முட்டி வலி இல்லை. மீனாட்சி அக்காவுக்கு ரொம்ப நன்றி. கொல்லிமலைக்கு இந்தக் கியர் போதுமா?

சேர்வராயன்:
அதற்கு தனி இழை இருக்கிறது.