மூன்று கருவி, நான்கு சர்வர்: எஸ்எஸ்ஹெச் சாவியை எப்படி வைத்துக்கொள்வது?

மண்டபம்வாசி:
தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்ஹெச் பயன்படுத்துகிறேன்: டெஸ்க்டாப், லேப்டாப், போனில் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் கமாண்ட் ஓட்டும் ஆப்). மூன்றிலும் ஒரே பிரைவேட் கீயை (என்னை சர்வருக்கு அடையாளம் காட்டும் ரகசியச் சாவி ஃபைல்) பென்டிரைவில் காப்பி செய்து வைத்திருந்தேன். போன வாரம் பாம்பன் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் படம் எடுக்கப்போய் போன் கடலுக்குள் போய்விட்டது. இப்போது நான்கு சர்வரிலும் சாவி மாற்ற வேண்டும். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கீழக்கரை:
அதை யாரும் முத்துக்குளித்து எடுக்கப்போவதில்லை அண்ணே, ஆனாலும் மாற்றிவிடுங்கள். கருவிக்கு ஒரு சாவி, அதுதான் வழி. ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கமாண்டை ஓட்டி இடி25519 வகைச் சாவியை உருவாக்குங்கள். கமெண்டில் ‘போன்’, ‘லேப்டாப்’ என்று போட்டுவையுங்கள். போன் தொலைந்தால் சர்வரில் அனுமதித்த சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்த ஒரு வரியை அழித்தால் முடிந்தது. பாஸ்பிரேஸ் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) கட்டாயம்.

தொண்டிக்காரன்:
ஐபி எண்ணையெல்லாம் மனப்பாடம் செய்யாதீர்கள். எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் ஃபைலில் சர்வருக்கு ‘கடை’ என்பதுபோல் ஒரு செல்லப்பெயர் வைத்து, ஹோஸ்ட் பெயர், யூசர், போர்ட் எழுதிவிட்டால் ‘எஸ்எஸ்ஹெச் கடை’ என்று அடித்தால் போதும். அந்த ஃபைலை மட்டும் கிட்டில் (ஃபைல் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) வைத்து மூன்று கருவிக்கும் இழுத்துக்கொள்ளலாம். பிரைவேட் கீயை அதில் போட்டுவிடாதீர்கள், நான் ஒருமுறை போட்டவன்.

மண்டபம்வாசி:
மூன்று சர்வர் சரியாகிவிட்டது. நான்காவது மட்டும் புதுச் சாவியை ஏற்க மாட்டேன் என்கிறது.

கீழக்கரை:
அந்த சர்வரில் பெர்மிஷன் பாருங்கள், யார் படிக்கலாம், எழுதலாம் என்பதை. எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600, அதாவது உங்களுக்கு மட்டும்.

மண்டபம்வாசி:
777 என்று, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாக இருந்தது. சரியாகிவிட்டது!