"டீப் லேர்னிங்" என்று தேடினால் நியூரல் நெட்வொர்க்காகவே வருகிறது: எம்.ஏ. இலக்கிய மீளாய்வுக்கு உதவி வேண்டும்

ரோஸ்ஹில்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கூடவே பகுதிநேரமாகக் கல்வியியலில் எம்.ஏ. இணையவழிப் பாடத்தில் மாணவர்களுக்கு ஆழக்கற்றல் (ஆங்கிலத்தில் டீப் லேர்னிங், அதாவது பொருள் புரிந்து படிப்பது) நடக்கிறதா என்பதுதான் தலைப்பு. முதல் வேலையாக இலக்கிய மீளாய்வுக்கு ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் வழிகாட்டி. (இலக்கிய மீளாய்வு என்றதும் அம்மா, "சங்க இலக்கியமா, பக்தி இலக்கியமா?" என்று கேட்டார். மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் படித்துத் தொகுப்பது என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.)

சிக்கல் இதுதான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் "ஆன்லைன் லேர்னிங்", "டீப் லேர்னிங்" இரண்டையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போட்டால் வருவதெல்லாம் நியூரல் நெட்வொர்க் (தரவிலிருந்து தானே கற்கும் கணினி மாடல்), முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், யார் பாதியில் படிப்பை விடுவார் என்று கணிக்கும் மாடல். ஒரு கட்டுரையில் மூன்றாம் பக்கம் வரை சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இது நம் விஷயமே இல்லை என்று புரிந்தது. "நியூரல்" முன்னால் கழித்தல் குறி போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது. வேண்டியதும் சேர்ந்து போய்விட்டதோ என்று சந்தேகம்.

கடைசி 10 ஆண்டுக் கட்டுரைகள் போதும் என்கிறார் வழிகாட்டி. காவடி விரதம் தொடங்குவதற்குள் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். தொடங்கிவிட்டால் கோவில் வேலையில் உட்கார நேரம் இருக்காது. எங்கே தவறுகிறேன்?

டர்பன்_மாமா

வணக்கம் டீச்சர். தவறு உங்கள் மேல் இல்லை, சொல் மேல். நீங்கள் போட்ட இரண்டு சொல்லுக்கும் கணினித் துறையில் இரட்டைப் பிறவி உண்டு. "டீப் லேர்னிங்" உங்களுக்கே தெரிந்துவிட்டது. "ஆன்லைன் லேர்னிங்" என்றாலும் அவர்களுக்கு வேறு பொருள்: தரவு ஒவ்வொன்றாக வர வர மாடல் தன்னைத் திருத்திக்கொண்டே போவது. இரண்டையும் சேர்த்துத் தேடினால் தேடுபொறி உங்களைக் கணினித் துறை மாணவி என்று நினைத்துவிடுகிறது, பாவம்.

கல்வியியலில் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 1976இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபெரென்ஸ் மார்ட்டனும் ரோஜர் சேல்யோவும் மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு கேள்வி வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். படித்து முடித்ததும் கட்டுரையில் என்ன இருந்தது, எப்படிப் படித்தீர்கள் என்று இரண்டையும் விசாரித்தார்கள். சிலர் கேள்விக்குப் பயந்து சொற்களைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்திருந்தார்கள். சிலர், எழுதியவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று தேடிப் போயிருந்தார்கள். முதலாவது மேலோட்டம், இரண்டாவது ஆழம். பிறகு பிரிட்டனில் நோயல் என்ட்விசில், ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் ஜான் பிக்ஸ் என்று இது வளர்ந்தது. மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று அளக்க பிக்ஸ் 1987இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். கெம்பர், லியுங் இருவரோடும் சேர்ந்து 2001இல் அதை 20 கேள்விகளாகச் சுருக்கினார். இணையவழிப் படிப்பு பற்றிய ஆய்வுகளிலும் அதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

இந்த வழிவந்தவர்கள் "டீப் லேர்னிங்" என்பதைவிட "டீப் அப்ரோச்" என்றுதான் அதிகம் எழுதுவார்கள். பக்கத்திலேயே "சர்ஃபேஸ்" என்ற ஜோடிச் சொல்லும் இருக்கும். நியூரல் நெட்வொர்க் எழுதுபவருக்கு அந்த ஜோடி தேவையே இல்லை. ஆகவே இப்படிப் போடுங்கள்: மேற்கோள் குறிக்குள் "டீப் அப்ரோச்" அல்லது "சர்ஃபேஸ் அப்ரோச்" அல்லது "அப்ரோச்சஸ் டு லேர்னிங்", அதோடு, ஆன்லைன் அல்லது டிஸ்டன்ஸ் (தொலைநிலை) அல்லது பிளெண்டட் (நேரடியும் இணையமும் கலந்தது). 'அல்லது' வரும் இடமெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆர் (OR), ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அடைப்புக்குறி.

கழித்தல் குறியை எடுத்துவிடுங்கள். "இங்கே நான் பேசும் ஆழக்கற்றல் நியூரல் நெட்வொர்க் அல்ல" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடும் பொறுப்பான கட்டுரைகள்தான் அதில் முதலில் அடிபடும்.

காத்ருபோர்ன்_கோடர்

நான் கணினி படிக்கிறேன், எனக்கு இதே தொல்லை தலைகீழாக. மாடலைப் பற்றித் தேடினால் "மாணவரின் உள்ளார்ந்த ஊக்கம்" என்று வந்து நிற்கிறது. அக்கா, நாம் இருவரும் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம் போல.

நூலகர்_மதுரை

டர்பன் ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஸ்காலர் மட்டும் போதாது. எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் அது திறந்து காட்டாது. அதே தேடலை வேறொருவர் செய்தால் அதே பட்டியல் வரும் என்ற உறுதியும் இல்லை. எரிக் (ERIC) என்ற கல்வித்துறைத் தரவுத்தளத்துக்குப் போங்கள். அமெரிக்கக் கல்வித் துறை நடத்துவது, காசு கிடையாது. கல்வி தொடர்பானவை மட்டுமே சேர்வதால் உங்கள் தொல்லையில் பாதி வாசலிலேயே நின்றுவிடும். கட்டுரைகளுக்கு அவர்களே குறிச்சொல் போட்டிருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையைத் திறந்து, அதற்கு என்ன குறிச்சொல் இருக்கிறது என்று பார்த்து, அதையே தேடுங்கள். சக மதிப்பீடு செய்யப்பட்டவை (அதே துறை ஆய்வாளர்கள் சரிபார்த்தவை) மட்டும், முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும் என்று வடிகட்டவும் வசதி உண்டு.

ஸ்காலரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1976 கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பை அழுத்தி, அதற்குள்ளேயே ஆன்லைன் என்று தேடுங்கள். மார்ட்டனை மேற்கோள் காட்டும் நியூரல் நெட்வொர்க்காரர் அபூர்வம்.

அப்புறம், ஒரு நோட்டு. எந்தத் தேதி, எந்தத் தளம், என்ன சொற்கள், எத்தனை வந்தது, எத்தனை எடுத்தேன். இன்றே தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து எப்படித் தேடினாய் என்று கேட்கும்போது விழிக்கும் மாணவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

திட்டத்தில் "சிஸ்டமேட்டிக் ரிவியூ" (கறாரான விதிப்படி எல்லாக் கட்டுரையையும் தேடி மதிப்பிடும் மீளாய்வு) என்று எழுதிவிடாதீர்கள். அதை ஒழுங்காகச் செய்ய, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு ஆளும் வேண்டும். ஆர்க்ஸியும் ஓ'மாலியும் 2005இல் வகுத்த "ஸ்கோப்பிங் ரிவியூ" (ஒரு தலைப்பில் என்னென்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று பரப்பை வரைந்து காட்டும் மீளாய்வு) உங்களுக்குப் பொருந்தும்.

ரோஸ்ஹில்_டீச்சர்

மாமா, நூலகர் சார், இருவருக்கும் மிக்க நன்றி. எரிக்கில் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு சமன்பாடுகூட இல்லை! கோடர் தம்பி, என் பழைய பட்டியலைத் தாராளமாக எடுத்துக்கொள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, 10 ஆண்டு என்று வடிகட்டினால் 1976 போய்விடுகிறதே? இன்னொன்று என் மனதை அரிப்பது. எங்கள் கோவில் வகுப்பில் பிள்ளைகள் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்து ஓதுகிறார்கள். வீட்டில் பேச்சு கிரியோல், பாட்டியிடம் மட்டும் இரண்டு தமிழ்ச் சொல். அட்சரம் பிசகாது, பொருள் கேட்டால் சிரிப்பார்கள். லாக்டவுனில் ஸூமிலும் அப்படித்தான் ஓதினார்கள். இதை மேலோட்டம் என்று எழுதிவிடலாமா? எழுதக் கை வரவில்லை.

டர்பன்_மாமா

கை வராதது நல்லதுதான். ஹாங்காங்கில் இதே கேள்வியோடு உட்கார்ந்தார்கள். சீன மாணவர்கள் உருப்போடுகிறார்கள், ஆனால் ஆழமாகவும் புரிந்துகொள்கிறார்கள், எப்படி என்று. பிக்ஸ், கெம்பர், மார்ட்டன் மூவருமே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புரியாமல் உருப்போடுவது ஒன்று. திரும்பத் திரும்பச் சொல்லி அதன் வழியே பொருளுக்குள் போவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இங்கே சாட்ஸ்வொர்த்தில் நானும் ஆறு வயதில் பொருள் தெரியாமல் ஓதியவன்தான். பொருள் வந்தபோது நாற்பது தாண்டியிருந்தது; பாட்டு ஏற்கெனவே உள்ளே இருந்ததால்தான் அது வந்து உட்கார இடம் கிடைத்தது. இது ஆய்வு முடிவு இல்லை, என் கதை.

இன்னொன்று: "ஆழமான மாணவர்" என்று ஒருவர் கிடையாது. ஒரே பிள்ளை கணக்கில் மேலோட்டமாகவும் பாட்டில் ஆழமாகவும் போகலாம். பாடமும் தேர்வு முறையும் அதை மாற்றும். திட்டத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள்.

1976ஐ ஏன் வடிகட்டிக்குள் விடுகிறீர்கள்? கோட்பாட்டுப் பகுதி தனி, அங்கே மூலவர்கள் இருக்கட்டும். 10 ஆண்டு வரம்பு இணையவழி வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு மட்டும். இணையவழி வகுப்பைச் சேர்ந்து விசாரித்துக் கற்கும் குழுவாகப் பார்த்து கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் 2000இல் எழுதியதும் கோட்பாட்டுப் பகுதிக்கே. 2005இல் கேரிசனும் கிளீவ்லண்ட்-இன்னஸும் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள். இணையத்தில் மாணவர்கள் நிறையப் பேசிக்கொண்டால் மட்டும் ஆழம் வந்துவிடாது, ஆசிரியர் அதை எப்படி வடிவமைத்து நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது என்பதுதான் அதன் வாதம். உங்கள் தலைப்பின் நடு முடிச்சே அங்கே இருக்கிறது.

நூலகர்_மதுரை

லாக்டவுன் என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஹாட்ஜஸும் உடனாசிரியர்களும் அவசரத் தொலைக்கற்பித்தல் வேறு, திட்டமிட்ட இணையவழிக் கற்றல் வேறு என்று பிரித்து எழுதினார்கள். எக்செலில் கட்டுரைக்கு ஒரு வரி போடும்போது, அவசரமா திட்டமிட்டதா என்று ஒரு கட்டம் வையுங்கள். ஆழத்தை எதை வைத்து அளந்தார்கள் என்று இன்னொன்று: வினாத்தாளா, நேர்காணலா, மாணவர் எழுதிய விடையா. வினாத்தாள் என்றால், நான் ஆழமாகப் படிக்கிறேன் என்று மாணவரே சொன்னதுதான். அந்தக் கட்டம் நிறைய நிறைய உங்களுக்கே எழுதுவதற்கு விஷயம் கிடைக்கும்.

ரோஸ்ஹில்_டீச்சர்

நேற்று மெட்ரோவில் ரெடுயி போகும்போதே கேள்வியைத் திருத்திவிட்டேன்: "மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையவழி மொழிப்பாடத்தை எவ்வாறு அணுகுகிறார்கள், அந்த ஆய்வுகள் ஆழத்தை எதைக் கொண்டு அளந்தன?" வழிகாட்டி படித்துவிட்டு "அளந்தன" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. எக்செலில் பதினோரு வரி ஆகிவிட்டது. அதில் ஒன்பது பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. பள்ளிப் பிள்ளைகள் பற்றி யாருக்காவது கண்ணில் பட்டால் இங்கே போட்டு வையுங்கள். காவடி முடிந்ததும் வந்து பார்க்கிறேன்.