முரசுமோட்டைக் குடும்பம்: ரிவி (தொலைக்காட்சி) எடுத்த கதை

சனிக்கிழமை

ஜனா (மாலை 5.40): நெல்லுக் காசு வந்துவிட்டது. அம்மா ரிவி எடுக்கச் சம்மதம். கிளிநொச்சியில் ஒரு கடையில் 55 அங்குலம் பார்த்து வைத்திருக்கிறேன். 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 தரம் படத்தை மாற்றும். கேமுக்குத் திறம் என்று கடைக்கார அண்ணை சொன்னார். நாளைக்கே எடுக்கலாமா?

சின்னம்மா [ஜனாவின் அம்மா] (5.44): நான் சம்மதித்தது ரிவிக்கு. கேமுக்கு இல்லை. அம்மம்மாவுக்குச் செய்தியும் நாடகமும், எனக்கு இரவில் ஒரு படம். மிச்ச நேரம் நீ விளையாடு. இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு சதம் இல்லை.

தர்சி (5.51): ஜனா, உன்னிடம் இருக்கிற கேம் பெட்டி பிளேஸ்டேஷன் 4 தானே? ப்ரோவா, சாதாரணமா?

ஜனா (5.52): சாதாரணம் அக்கா. பரந்தனில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது.

தர்சி (5.56): அப்போ 120 ஹெர்ட்ஸ் உனக்கு எதற்கு? அந்தப் பெட்டி 2013இல் வந்தது. அது அனுப்புவதே 1080பி (மேலிருந்து கீழே 1080 வரிப் படம்), நொடிக்கு அதிகம் போனால் 60 படம். இரணைமடுக் குளத்தில் துருசைக் (மதகை) கொஞ்சமாகத் திறந்துவிட்டு, நீ இங்கே வயல் வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன செய்யப் போகிறாய்?

ஜனா (5.57): பிறகு 5 எடுப்பேன் தானே.

சின்னம்மா (5.57): எந்த நெல்லில்?

ரூபன் அண்ணை [ரிவி திருத்துபவர்] (6.05): ஜனா, கடையில் அந்த 120 எந்த இடத்தில் எழுதியிருந்தது? பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலா, விவரத் தாளிலா?

ஜனா (6.06): ஸ்டிக்கரில் அண்ணை. 'மோஷன்' என்று ஏதோ, பக்கத்தில் 120.

ரூபன் அண்ணை (6.13): நினைத்தேன். 'மோஷன்' என்ற சொல்லோடு வருகிற எண்ணைப் பெரும்பாலும் நம்பக் கூடாது. திரை உண்மையில் 60 தான். ரிவி தன் பாட்டில் இடையிடையே படம் செய்து செருகுவதையும், பின்விளக்கை அணைத்து எரிப்பதையும் கூட்டி 120 என்று போடுகிறார்கள். உண்மையான 120 என்றால் தாளில் திரையின் சொந்த வேகம் என்று இருக்கும், ஒரு எச்டிஎம்ஐ (படம் வரும் வயர்) ஓட்டைக்குப் பக்கத்தில் 4கே (1080பியின் நாலு மடங்கு புள்ளி) 120 என்றும் இருக்கும். எச்டிஎம்ஐ 2.1 என்று மட்டும் எழுதியிருந்தாலும் போதாது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 120ஐக் கொடுக்காமல் விடவும் விதி இடம் கொடுக்கிறது.

ஜனா (6.14): அப்போ அந்தக் கடைக்காரர் பொய்யா சொன்னார்?

ரூபன் அண்ணை (6.15): அவருக்கும் ஸ்டிக்கர் மட்டும்தான் தெரியும் தம்பி.

மாமா ஸ்காபரோ (6.22): குட் மோர்னிங். இப்போதுதான் கோப்பி குடிக்கிறேன். ஏன் இந்தச் சில்லறை எல்லாம்? ஓலெட் எடுங்கள். நான் பேஸ்மென்டில் வைத்திருக்கிறேன். கறுப்பு என்றால் கறுப்பு. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது, பின்னால் விளக்கே இல்லை. படம் பார்க்க அதுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆவணியில் வரும்போது ஒன்று கொண்டுவரவா?

சின்னம்மா (6.24): அண்ணா, நீங்கள் வந்தால் போதும்.

ரூபன் அண்ணை (6.29): மாமா, கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. ரிவிக்குப் பின்னால் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் செருகிய அன்றே புகை. வோல்ட் சரிவந்தாலும் வாரண்டி இங்கே செல்லாது. பழுதானால் என் மேசைக்குத்தான் வரும், திரை உடைந்தால் நானும் கையை விரிப்பேன்.

தர்சி (6.36): ஓலெட்டின் கறுப்பை நானும் ஒத்துக்கொள்கிறேன், வவுனியாவில் ஒரு வீட்டில் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அது மாமாவின் பேஸ்மென்ட் மாதிரி இருட்டுக்கு. சின்னம்மா வீட்டில் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் வாசல் வழியாக வெயில் நேராகச் சுவரில் விழும். அந்த நேரத்தில் ஓலெட்டில் தன் முகத்தைத்தான் பார்க்கலாம். அதோடு அம்மம்மா காலையில் இருந்து ஒரே செய்திச் சேனல். கீழே ஓடும் பட்டி, மூலையில் சின்னம். வருடக்கணக்கில் அப்படி விட்டால் அதன் நிழல் திரையில் தங்கிவிடும். கேமில் மூலையில் நிற்கிற வரைபடமும் அப்படித்தான்.

மாமா ஸ்காபரோ (6.40): சரி, ஓலெட் வேண்டாம். ஆனால் 120ஐ ஒரேயடியாகத் தள்ளாதே தர்சி. கேமுக்கு மட்டும் அல்ல, சினிமாவுக்கும் அது வேண்டும். படம் நொடிக்கு 24. 60ஐ 24ஆல் பிரித்துப் பார். சமமாக வராது. ஒரு படத்தை மூன்று தரம், அடுத்ததை இரண்டு தரம் என்று மாறி மாறிக் காட்ட வேண்டும். கமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் நடுக்கம் தெரியும். 120 என்றால் எல்லாம் ஐந்து ஐந்து தரம்.

தர்சி (6.43): அது நியாயமான கதை, நான் யோசிக்கவில்லை. சின்னம்மா, படத்தில் அப்படி நடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

சின்னம்மா (6.45): நான் பாதிப் படத்தில் நித்திரை.

மாமா ஸ்காபரோ (6.45): 😂 சரி, விட்டுவிட்டேன்.

ரூபன் அண்ணை (6.52): ஜனா, எண்ணை விட்டுவிட்டு டேப்பை எடு. சுவர் எவ்வளவு? அம்மம்மாவின் கதிரை எவ்வளவு தூரம்?

ஜனா (7.08): யன்னலுக்கும் அறைக் கதவுக்கும் இடையில் 3 அடி 11 அங்குலம். சுவரில் இருந்து கதிரைகளுக்கு ஆறரை அடி. அம்மம்மாவின் கதிரை குசினி வாசலோடு, ஒரு பக்கமாக.

தர்சி (7.15): 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை. அகலம் மட்டும் 48 அங்குலம், சரியாக நாலு அடி. உன் சுவர் 47. கதவைத் திறந்தால் ரிவியில் இடிக்கும். வீட்டுத்திட்ட வீட்டின் 550 சதுர அடிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்றால் இப்படித்தான். 50 அங்குலத்தின் அகலம் 44க்கு உள்ளே. தூரத்துக்கும் அதுதான் பொருத்தம். திரை அளவை 1.6ஆல் பெருக்கு, 80 அங்குலம் வரும். ஆறரை அடிக்குக் கிட்டத்தட்டச் சரி.

ஜனா (7.16): கதவைக் கழற்றலாமே.

சின்னம்மா (7.16): உன்னைக் கழற்றுவேன்.

அம்மம்மா [குரல் பதிவு, தர்சி எழுதியது] (7.31): பிள்ளைகள், பொருளாதாரத் தடைக் காலத்தில் கரண்ட் ஏது, பற்றரி ஏது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். யாராவது ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்குப் பிடித்தால் ஊரே பாயோடு போகும். 14 அங்குலப் பெட்டி, முன்னால் இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து வேலியில் நின்று பார்த்தார்கள். எல்லோருக்கும் படம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. போன மாதம் பக்கத்து வீட்டுப் புது ரிவியை ஓரத்தில் இருந்து பார்த்தேன், ஆட்கள் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி. அப்படி ஒன்று எனக்கு வேண்டாம். கதிரையையும் மாற்ற மாட்டேன், அடுப்பைப் பார்க்க வேண்டும்.

ரூபன் அண்ணை (7.42): இதுதான் சரியான ஆய்வு 👏 பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டி எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒன்று. இப்போதைய எல்இடியில் இரண்டு சாதி. விஏ திரை நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பு, ஓரத்துக்குப் போனால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் ஓரத்திலும் நிறத்தை வைத்திருக்கும், ஆனால் இரவில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கியூலெட் என்ற பெயரும் எல்இடிதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல், அவ்வளவே.

தர்சி (7.46): படத்துக்கு விஏ தானே நல்லது அண்ணை? இரவுக் காட்சி முழுக்கச் சாம்பலாக இருந்தால் பார்க்கவே மனம் வராது.

ரூபன் அண்ணை (7.49): தனியாக நேரே இருந்து பார்ப்பவருக்கு விஏ. இங்கே அம்மம்மா ஓரத்தில். சாம்பல் உறுத்தினால் ரிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரிய விடுங்கள், கண்ணுக்குக் கறுப்பு கூடின மாதிரி இருக்கும். பல்லிக்கும் அந்த வெளிச்சம் பிடிக்கும், அதுதான் ஒரு தொல்லை. சூட்டுக்கு உள்ளே ஏறிப் பவர் போர்டில் குறுக்கே படுத்துவிடும். இந்த மாதம் மட்டும் இரண்டு ரிவி அப்படி வந்தது.

ஜனா (7.53): எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பழைய ரிவியில் கிரிக்கெட் கேமில் நான் மட்டையை வீசுவதற்குள் பந்து ஸ்டம்பில் பட்டுவிடும். அது 60 ஹெர்ட்ஸ் என்பதால் இல்லையா?

தர்சி (8.01): இல்லை. நீ அழுத்தியது திரையில் தெரிய எடுக்கும் தாமதம் அது. ரிவி படத்தை அழகுபடுத்த நேரம் எடுக்கிறது. சில ரிவிகளில் அது 100 மில்லி நொடியைத் தாண்டும். கேம் மோட் போட்டால் அந்த வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு உடனே காட்டும், 60 ஹெர்ட்ஸ் ரிவியிலும் 20க்குள் வருவது உண்டு. உன் பழைய ரிவியில் அதைப் போட்டாயா?

ஜனா (8.02): அப்படி ஒன்று இருந்ததா?

தர்சி (8.02): 🤦🏾‍♀️

தர்சி (8.06): 4கே திரையில் உன் 1080பி எப்படி இருக்கும் என்று கேட்காதே, நன்றாகவே இருக்கும். ஒரு புள்ளி சரியாக நாலு புள்ளியாகப் பிரியும். எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடத் தெளிவாகக் காட்டும் முறை) சாதாரண 4இலும் வரும். அதே சாதியில் இன்னொன்றான டொல்பி விஷன் இல்லை என்று எதையும் கழிக்காதே. பிளேஸ்டேஷனில் 5க்குக்கூட அது இல்லை, சாம்சங் ரிவிகளிலும் இல்லை.

சின்னம்மா (8.10): எனக்கு இதில் பாதி விளங்கவில்லை. நாளைக்குக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

ரூபன் அண்ணை (8.17): ஒன்றும் கேட்க வேண்டாம் அக்கா. ஜனா பிளேஸ்டேஷனைப் பையில் போட்டுக்கொண்டு வரட்டும். ஒரு பென்டிரைவில் இருட்டுக் காட்சி உள்ள படம் ஒன்று. கடையில் ஓடும் பூவும் கடலும் எந்த ரிவியிலும் அழகுதான், அதைப் பார்க்காதீர்கள். நீங்கள் அம்மம்மா இருக்கிற கோணத்தில் போய் நில்லுங்கள். காசு மிஞ்சினால் மின்னல் தாங்கும் பிளக் ஒன்று. பழையது எப்படிச் செத்தது என்று மறந்துபோகவில்லை தானே?

சின்னம்மா (8.19): பிளக்கைக் கழற்றினேனே தம்பி. டிஷ் வயரை யார் நினைத்தார்கள்?

ரூபன் அண்ணை (8.20): அந்த வயர் வழியாகத்தான் வந்தது. எச்டிஎம்ஐ ஓட்டை வரை கருகியிருந்தது. நல்ல காலம், பிளேஸ்டேஷன் அன்று இவனுடைய கூட்டாளி வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை

ஜனா (காலை 10.48): [படம்] பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 50 அங்குலம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜனா (10.49): [படம்] இது ஓரத்தில் இருந்து எடுத்தது. அம்மா நிற்கச் சொன்ன இடம்.

தர்சி (10.53): இடப்பக்கத்து ரிவியில் நிறம் போய்விட்டது. வலது?

சின்னம்மா (10.55): வலதுதான். ஆனால் பென்டிரைவ் படத்தில் இரவு, கறுப்பு கொஞ்சம் வெளுப்பு. தர்சி சொன்னது சரி. இரண்டையும் நாலு தரம் பார்த்துவிட்டேன். கடைக்காரப் பிள்ளை தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாமா ஸ்காபரோ (10.58): இங்கே நடுச்சாமம், உங்களுக்காக முழித்திருக்கிறேன். எடுத்தாகிவிட்டதா?

ஜனா (11.20): வலதை எடுத்துவிட்டோம். கேம் மோட் போட்டு ஓர் ஓவர் விளையாடினேன். இரண்டு சிக்ஸ். கடையில் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள்.

சின்னம்மா (11.22): ஓர் அங்கிள் மட்டும். கணக்கு 1,84,000. மிச்சத்தில் ரூபன் சொன்ன பிளக், சுவர் சட்டம்.

ரூபன் அண்ணை (11.25): பட்டா லொறியில் ஏற்றும்போது நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வீதிக் குழியில் திரை நடுவில் வெடிக்கும். பின்னேரம் வந்து சுவரில் பூட்டித் தருகிறேன். சீமெந்துக்கல் சுவர், சும்மா ஆணி பிடிக்காது.

அம்மம்மா [குரல் பதிவு, தர்சி எழுதியது] (இரவு 8.40): பிள்ளை தர்சி, முகம் எல்லாம் நல்ல வடிவாகத் தெரிகிறது. ஆனால் இவள் போட்ட படம் என்ன இப்படி வழுக்கிக்கொண்டு போகிறது? சண்டைக் காட்சியும் சின்னத்திரை நாடகம் மாதிரி இருக்கிறது.

தர்சி (8.44): அம்மம்மா, அது ரிவி இடையில் படம் செருகும் வேலை. ஜனா, படத்துக்குப் போகும்போது ஃபில்ம்மேக்கர் மோட் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அசைவைச் சீராக்கும் தெரிவைத் தேடி அணை. கேமுக்கு கேம் மோட். மாற்றி மாற்றிப் போடப் பஞ்சிப்படாதே.

ஜனா (8.51): ஃபில்ம்மேக்கர் மோட் இருக்கிறது. போட்டேன். இப்போது படம் மங்கலாக இருக்கிறதாம், அம்மா கத்துகிறார்.

தர்சி (8.52): இரண்டு நாளில் கண் பழகிவிடும். விறாந்தை லைற்றை அணையுங்கள்.

செவ்வாய்க்கிழமை

ரூபன் அண்ணை (மாலை 4.36): விசுவமடுப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. முழக்கம் கேட்கிறதா அங்கே?

ஜனா (4.37): கேட்கிறது அண்ணை. இரண்டு வயரையும் கழற்றிவிட்டேன்.

சின்னம்மா (4.39): இவன் மட்டையோடு கடைசி ஓவரில் நிற்கிறான் தம்பி. நான்தான் போய்க் கழற்றினேன்.