தனியாக இருக்க அஞ்சும் நாயை 11 நாள் எங்கே விட்டுச் செல்வது?

கேள்வி (தாம்பரம்):

எங்கள் வீட்டில் மணி என்னும் 5 வயது நாட்டு நாய் இருக்கிறது. குட்டியாக மழைநீர்க் கால்வாயில் கிடந்ததை என் மகன் எடுத்து வந்தான். இன்னும் 6 வாரத்தில் மாமியாரை அழைத்துக்கொண்டு காசி, பிரயாகை, கயை என்று 11 நாள் யாத்திரை போக வேண்டியிருக்கிறது. கயையில் மாமனாருக்குச் செய்ய வேண்டிய காரியம் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை.

சென்ற ஆண்டு நாத்தனார் மகளின் திருமணத்துக்காக மணியை 3 நாள் ஒரு நாய் விடுதியில் விட்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது, முன்னங்கால் நகங்கள் இரண்டு உடைந்து, கம்பி வலையில் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல்தோல் உரிந்து, குரைக்கவும் குரல் எழும்பாமல் நின்றது. சாப்பிட்டதா என்று கேட்டதற்கு, "வைத்தோம், தொடவில்லை" என்றார்கள். அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த 3 நாளில் ஒருமுறையாவது எங்களை அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

வீட்டிலும் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்துக் கிடக்கும். பரணிலிருந்து பெட்டியை இறக்கினாலே மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். வேறு விடுதி பார்ப்பதா, சேலையூரில் தம் வீட்டிலேயே நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியிடம் விடுவதா, எங்களிடம் 8 ஆண்டுகளாக வேலைக்கு வரும் அம்மாளை இரவில் வந்து தங்கச் சொல்வதா, ரயிலில் உடன் அழைத்துச் செல்வதா என்று தெரியாமல் தவிக்கிறேன். தூக்க மாத்திரை கொடுத்து விடுதியில் விட்டுவிடு என்று நாத்தனார் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (கோயம்புத்தூர்):

சகோதரி, இடத்தைத் தேடும் முன் மணி எதற்கு அஞ்சுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். தனிமைக்கு அஞ்சும் நாய் உண்டு. நீங்கள் என்ற ஒருவர் இல்லாததற்கு அஞ்சும் நாய் உண்டு. புதிய இடத்துக்கும் பிற நாய்களின் குரைப்புக்கும் அஞ்சும் நாய் உண்டு. மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் ஒன்றுக்கு ஏற்ற ஏற்பாடு மற்றொன்றுக்கு ஆகாது. முதல் வகை நாய்க்கு யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அதைக் கூண்டில் தனியாக அடைத்தால் உங்கள் மணிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இதை அறிய ஒரு பழைய கைபேசியைக் கூடத்து அலமாரியில் சாய்த்து வைத்துப் படம்பிடிக்க விட்டு, எல்லோரும் முக்கால் மணி நேரம் வெளியே போய் வாருங்கள். பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே தெரிந்துவிடும்: எச்சில் வடிதல், கதவைப் பிறாண்டுதல், ஓரிடத்தில் நில்லாமல் சுற்றி வருதல், பிடித்த தின்பண்டத்தையும் தொடாமல் விடுதல். மிகவும் பதறுகிறது என்றால் உடனே திரும்பிவிடுங்கள். சோதனைக்காக அதை வதைக்க வேண்டியதில்லை. மற்றொரு நாள் வேலைக்கு வரும் அம்மாளை மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லி அதே போல் படம்பிடியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ரயிலைப் பொறுத்தவரை, ஏசி முதல் வகுப்பில் முழுக் கூபேயும் (இருவருக்கான தனி அறை) உங்களுக்கே ஒதுக்கப்பட்டால் நாயை உடன் கொண்டுபோகலாம். பார்சல் அலுவலகத்தில் தனியே கட்டணம் செலுத்த வேண்டும். மற்ற வகுப்புப் பயணிகளுக்குக் ரயில் கார்டு (ரயில் மேலாளர்) இருக்கும் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டுதான் வழி. பெட்டியை இறக்கினாலே மூச்சிரைக்கும் நாயை அந்த இருட்டுக் கூண்டில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூபே கிடைத்தாலும், காசிப் படித்துறைக் கூட்டத்தில் மாமியாரைப் பிடித்துக்கொள்வீர்களா, மணியைப் பிடித்துக்கொள்வீர்களா?

பதில் 2 (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்):

அம்மா, மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் இதற்கு அசிப்ரோமசின் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது உடலைத் தளர்த்துமே தவிர அச்சத்தைத் தணிக்காது. நாய் படுத்துக் கிடப்பதால் அமைதியாக இருப்பதாக நமக்குத் தோன்றும். உள்ளே பயம் அப்படியே இருக்கும், சில நாய்களுக்கு ஓசையைக் கேட்டுத் திடுக்கிடுவது கூடுவதும் உண்டு. இப்போது பதற்றத்துக்கு டிராசோடோன், காபாபென்டின் போன்றவற்றைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறோம். எதுவானாலும் நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் கொடுத்துப் பார்த்து, எத்தனை மணி நேரத்தில் வேலை செய்கிறது, தள்ளாடுகிறதா, வாந்தி வருகிறதா என்று கவனித்த பிறகே பயண நாளில் கொடுக்க வேண்டும். மனிதருக்கான காபாபென்டின் திரவ மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள், அது நாய்க்கு நஞ்சு. பதற்றம் கடுமையாக இருந்தால் தினசரி கொடுக்கும் ஃபுளுவாக்செட்டினை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அதன் பலன் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால், உங்களுக்கு இருக்கும் அவகாசத்தில் இந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பிற நாய்கள் வந்துபோகும் இடத்தில் விடுவதானால் ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் நடப்பில் இருக்க வேண்டும். நாய்கள் கூடும் இடங்களில் பரவும் கென்னல் இருமலுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து உண்டு, அதைக் கடைசி நாளில் போய்க் கேட்காதீர்கள். நம் ஊரில் நான் அதைவிடப் பெரிதாக அஞ்சுவது உண்ணியைத்தான். விடுதிச் சுவரின் விரிசலில் ஒளிந்திருக்கும் ஓர் உண்ணி போதும், எர்லிக்கியா காய்ச்சல் தொற்றிக்கொள்ள. முன்கூட்டியே உண்ணி மாத்திரை கொடுங்கள். திரும்பி வந்த பின் 3 வாரமாவது பசியின்மை, காய்ச்சல், ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பதில் 3 (வேளச்சேரி, வீட்டில் நாய்களைப் பார்த்துக்கொள்பவர்):

அக்கா, வாங்கி வைத்துக்கொள்ளும் தரப்பிலிருந்து சொல்கிறேன். எங்களுக்குச் சாப்பிடாத நாய் பெரிய கவலையே இல்லை. முதல் ஒரு நாள் பல நாய்கள் சாப்பிடுவதில்லை. தண்ணீரும் குடிக்காமல் இருந்தாலோ, இரண்டாம் நாளும் சோற்றைத் தொடாவிட்டாலோதான் கவலைப்படுவோம். எங்களைத் தூங்கவிடாத கவலை, நாய் தப்பி ஓடுவது. பயந்த நாய் முன்னால் இழுக்காது. பின்னால் நகர்ந்து, தலையைக் குனிந்து, காதை ஒட்டிக்கொண்டு கழுத்துப் பட்டையிலிருந்து உருவிக்கொள்ளும். எல்லாம் இரண்டு நொடியில் முடிந்துவிடும். அதனால் நான் பட்டையோடு மார்புப் பட்டையும் மாட்டி இரண்டு கயிறு பிடிக்காமல் எந்தப் புது நாயையும் வாசலுக்கு அழைத்துப் போவதில்லை. நீங்கள் பார்க்கப் போகும் வீட்டில் தெருவுக்கும் நாய் இருக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு கதவுகள் உண்டா என்று பாருங்கள். இரவில் நாயோடு யார் படுப்பார்கள், ஒரே சமயத்தில் எத்தனை நாய்கள் இருக்கும் என்பதையும் கேளுங்கள். வந்து பார்க்கவே விடாத இடத்தில் விடாதீர்கள்.

வேலைக்கு வரும் அம்மாள் இரவில் மட்டும் தங்கினால் போதாது என்பது என் கருத்து. பகலில் அவர் மற்ற வீடுகளுக்குப் போய்விட்டால் மணிக்குப் பத்து மணி நேரத் தனிமை. அதோடு, வீட்டில் நீங்கள் இல்லாதபோது காவல் தன் பொறுப்பு என்று நினைத்து, சமையல் வாயு உருளை கொண்டு வருபவரைக் கடித்துவிட்ட நாய்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே விட்டாலும் ஒத்திகை வேண்டும்: முதலில் நீங்களும் உடனிருந்து ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு ஓர் இரவு. துவைக்காத உங்கள் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். சாப்பாட்டை மாற்றாதீர்கள். கடித்த வரலாறு இருந்தால் மறைக்காதீர்கள். உங்களை அழைத்தும் கிடைக்காதபோது எந்த மருத்துவரிடம் கொண்டுபோவது, எவ்வளவு தொகை வரை செலவழிக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். காசியிலிருந்து காணொளி அழைப்பில் "மணி, மணி" என்று கூப்பிட மட்டும் வேண்டாம். அடங்கிக் கிடந்த நாய் உங்கள் குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடி, அன்று முழுவதும் அங்கேயே நிற்கும்.

கேள்வி கேட்டவர் (3 வாரத்துக்குப் பின்):

எல்லோருக்கும் நன்றி. வீடு காலியாக இருந்த அன்று 9 நிமிடத்தில் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. 20 நிமிடத்தில் நாங்களே ஓடி வந்துவிட்டோம். அந்த அம்மாள் இருந்த அன்றோ, பத்து நிமிடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் வந்து காலடியில் படுத்துத் தூங்கிவிட்டது. 5 ஆண்டாக நான் இல்லாவிட்டால் அதற்கு உயிரே போய்விடும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது!

அந்த 11 நாளும் மற்ற வீடுகளில் விடுப்பு கேட்டுக்கொண்டு, பகலும் இரவும் தம் மகளோடு இங்கேயே தங்க அவர் ஒப்புக்கொண்டார். அவர் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். வாயு உருளைக்காரர் வந்தால் மணியைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசலைத் திறக்க வேண்டும் என்று சொல்லி, இருமுறை செய்தும் பார்த்துவிட்டோம். அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்காகச் சேலையூர் வீட்டிலும் ஓர் இரவு விட்டுப் பார்த்தோம்; காலைச் சோற்றை மட்டும் விட்டுவிட்டது. ஃபுளுவாக்செட்டின் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். புறப்படும்போது சொல்லிக்கொண்டு போவதா, கண்ணில் படாமல் போவதா?

பதில் 3 (வேளச்சேரி):

ஒளிந்து போகாதீர்கள் அக்கா. பிறகு நீங்கள் குளியலறைக்குப் போனாலும் சந்தேகப்படும். கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம். இன்றே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் போட்டுவிடுங்கள், அது மேசை நாற்காலி போல ஆகிவிடட்டும். குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்ச்சோற்றை அடைத்து முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்து, ஆட்டோ வந்ததும் அதை அந்த அம்மாள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது தினமும் மணியிடம் என்ன சொல்வீர்களோ, அதையே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.