தம்பிக்கு ஒரு ஐக்கியம் தேடுகிறேன் (பாளையங்கோட்டை பக்கம்)

ஸ்தோத்திரம். என் தம்பி குடியை நிறுத்தி இன்றோடு 47 நாள். திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் சொன்னதால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்தினோம். உடம்பு தேறிவிட்டது. சாயங்காலம் ஆறு மணி ஆனால்தான் பயம். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டுவான், கழற்றுவான், மறுபடி மாட்டுவான்.

சபையில் எல்லாரும் ஜெபிக்கிறார்கள், நன்றி. ஆனால் "விசுவாசம் இருந்தால் ஒரே நாளில் விடலாமே" என்று ஒருவர் சொன்னதிலிருந்து ஞாயிறு ஆராதனைக்கே வர மாட்டேன் என்கிறான். அந்த வார்த்தை அவனை அவ்வளவு உடைத்துவிட்டது. குடியிலிருந்து மீண்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இடம்தான் அவனுக்கு வேண்டும். 1991-ல் கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையில் தொடங்கிய 'செலிபிரேட் ரெக்கவரி' மாதிரி. மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை வைத்தே அதன் எட்டுக் கொள்கைகளை அமைத்திருக்கிறார்கள். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு) கூட்டமானாலும் சரி.

பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் தமிழில் வாராவாரம் இப்படிக் கூடுகிறார்களா? போய்வந்தவர்கள் நாள், நேரம், இடம் சொல்லுங்கள். அப்புறம், வீட்டாருக்கென்று தனிக் கூட்டம் உண்டா? அம்மா இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. ராத்திரி கேட் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.