18 வயதை அடையாள அட்டையால் நிரூபிக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். இலங்கையின் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். 18 தாண்டிய அக்கா மகளின் சமூக வலைத்தளக் கணக்கு, போன மாதக் கடைசியில் "வயது உறுதி செய்யப்படவில்லை" என்று பூட்டப்பட்டது. போன் சாம்சங் ஏ14, ஆண்ட்ராய்டு 13.

செல்ஃபி வீடியோ கொடுத்தோம். வயது குறைவு என்றது. தேசிய அடையாள அட்டையைப் படமெடுத்தோம். முதலில் டியூப் லைட் பட்டு இலக்கங்கள் வெள்ளையாகிவிட்டன. பகல் வெளிச்சத்தில் தெளிவாக எடுத்து அனுப்பியும் "பிறந்த திகதி பொருந்தவில்லை" என்றே வருகிறது. செயலியை அழித்து மீண்டும் போட்டும், வேறு போனில் முயன்றும் அதே பதில்தான்.

என் சந்தேகம் இலக்கத்தில்தான். நம் அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. உதாரணத்துக்கு, 2006 ஜூன் 14இல் பிறந்த பெண்ணுக்கு 166உடன் 500 கூட்டி 666 வரும். 2006இன் சாதாரண நாட்கணக்கில் ஜூன் 14 என்பது 165ஆவது நாள். இது தெரியாமல் எழுதிய மென்பொருள் 666ஐ ஏற்காது. 500ஐக் கழித்தாலும் ஒரு நாள் தள்ளி ஜூன் 15 என்றே காட்டும்.

இப்போது அட்டையின் இரு பக்கமும், பிறப்புச் சான்றிதழும் கேட்கிறார்கள். வயதுக்கு ஆண்டு போதுமே. முகவரியும் பெற்றோர் விபரமும் எதற்கு? இளம்பெண்ணின் வீட்டு முகவரியைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

முகவரியையும் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் மறைத்த படத்தை அனுப்பி, யாருக்காவது கணக்கு திரும்பக் கிடைத்திருக்கிறதா?